டேங்க் ரோடு வரை

ஓர் ஊரைப் பார்ப்பதென்றால் கால்நடையாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சிக்கு என் வீட்டிலேயே ஆள் சேரவில்லை. சிங்கப்பூரில், உறவினர் வீட்டில், எங்கிருந்து சேரப் போகிறது?

2024 ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். கல்யாணம் முடிந்து மூன்று நாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைக் காட்டினார்கள். கண்ணாடிக் கூடாரத்துக்குள் பூந்தோட்டம், மாடிக்கு மேல் நீச்சல்குளம், வாயால் தண்ணீர் கொட்டும் சிங்கம் எல்லாம் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ராத்திரி படுக்கும்போது கால் நோகவில்லை. கால் நோகாமல் ஒரு ஊரைப் பார்த்துவிட்டதாக மனசு ஒப்புக்கொள்ள மறுத்தது.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று என் சிநேகிதனுக்கு லீவு.

இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வல்லக்கோட்டைக்காரர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வல்லக்கோட்டை ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழடி உயரத்துக்கு நின்று பார்க்கிற முருகன் எங்கள் ஊர் முருகன். அருணகிரிநாதர் பாடிய தலம். வல்லன் என்ற அசுரனின் கோட்டை, அதனால் வல்லன் கோட்டை என்பது ஊர்க் கதை. கிருத்திகைக்கு ஜனம் வரும், மற்ற நாட்களில் ஏரிக்கரைக் காற்று வரும் என்று இருந்த ஊர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி, அப்புறம் வல்லம் வடகால் என்று, ஊரைச் சுற்றி வேறு பெயர்களில் கோட்டைகள் எழும்பிவிட்டன. சிநேகிதனின் அப்பாவுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணி இருந்தது. விலை ஏறுகிறது என்றதும் விற்றார். ஏறி முடிவதற்குள் விற்றுவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பணத்தில் பாதி தங்கை கல்யாணத்துக்குப் போயிற்று. மீதி ஏஜெண்டுக்குப் போய், 2009-ல் இவன் சிங்கப்பூருக்குப் போனான். அவன் போன மறு வருஷம் ஒரகடத்தில் ஆலை திறந்தது. "நான் இந்தப் பக்கம் வந்தேன், அவன் அந்தப் பக்கம் வந்தான்" என்று இதை ஒரு வேடிக்கைக் கதை போலச் சொல்வான்.

வேலை சாரம் கட்டுவது. பதினைந்து வருஷமாக அதேதான்.

காலை எட்டு மணிக்கு சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயில் வாசலில் வந்து நில் என்று சொல்லியிருந்தான். ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்டதற்கு, "அங்கேர்ந்துதான் நடக்க நல்லா இருக்கும்" என்றான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் கால்சட்டை போட்டிருந்தேன். வெளியூர்க்காரன் யார் என்று பார்த்தால் நான்தான்.

"இன்னாடா, கால்ல நல்ல செருப்பா போட்டுகினு வந்திருக்கியா?" என்றான். அவன் செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில், தோளில் தொங்கிய துணிப்பைக்குள் இருந்தது. கோயிலுக்குள் போய் வந்தவன் அதை இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை.

சிராங்கூன் ரோட்டைப் பற்றி எழுதாத பிரயாணக் கட்டுரை கிடையாது. மல்லிகைப்பூ, சாம்பார் வாசனை, தமிழ்ப் பலகை என்று எழுதிவிட்டுச் சென்னையிலேயே இருப்பது போல இருந்தது என்று முடிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகையில் தமிழ் பிழையில்லாமல் இருந்தது. அது ஒன்றே சென்னை இல்லை என்று காட்டப் போதும். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 'மிதித்துச் செல்லாதீர்' என்று புல்லுக்குக்கூடத் தமிழில் சிபாரிசு செய்கிறார்கள்.

வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டினால் எருமை ரோடு. பஃபலோ ரோடு என்று பலகை. அந்த வட்டாரத்துக்கே மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்' என்று பழைய பெயர். எருமைத் தொழுவம் என்று அர்த்தம். நம்மவர்கள் அங்கே மாடு வைத்துப் பால் கறந்திருக்கிறார்கள். இப்போது எருமை பெயரில் மட்டும் இருக்கிறது. தேக்கா மார்க்கெட்டில் சிநேகிதன் ஒரு பால் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். டீ போடவா என்று கேட்டேன். "இருக்கட்டும் வா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அங்கே வந்தால் புல்வெளியில் உட்கார இடம் இருக்காது என்று சொல்லிக்கொண்டே நடந்தான். தீவின் மூலை முடுக்கிலிருந்து வேலையாட்கள் வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், ஒரு மீன்குழம்பு சாப்பிடுவார்கள், புல்லில் சாய்ந்து போனில் குழந்தை முகம் பார்ப்பார்கள். 2013 டிசம்பரில் இந்த இடத்தில்தான் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊர் காணாத கலவரம். அன்று நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"ரூம்ல. துணி தோச்சிகினு இருந்தேன். துணி தோச்சதாலதான் இன்னிக்கு உங்கூட நடக்கறேன்."

அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

சிலிகி ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், இவன் இன்னும் வெறுங்காலோடு நடக்கிறான். தார் ரோட்டைக் கடக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

"செருப்பு என்னடா ஆச்சு?"

"வார் அறுந்து போச்சு."

"வாங்கலாமே, கடை இருக்கிறதே?"

"அப்பால பாத்துக்கலாம்."

பதினைந்து வருஷம் சம்பாதித்தும் ஒரு செருப்புக்குக் கணக்குப் பார்க்கிறானே என்று நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. நானே வாங்கித் தருகிறேன் என்று ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். அவன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தான். நான்தான் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

தோபி காட் என்ற இடத்துக்கு வந்தோம். ரெயில் ஸ்டேஷனுக்கு ஆங்கில எழுத்தில் 'தோபி காட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சலவைத் தொழிலாளிகள் அந்தப் பக்கம் ஓடிய ஓடையில் துணி துவைத்துப் புல்வெளியில் உலர்த்தியதால் வந்த பெயர். துவைத்தவர்கள் பெயர் ஒன்றும் தெரியாது, துறை மட்டும் ரெயில் வரைபடத்தில் ஏறிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்திலும் வயல்களுக்குப் பெயர் இருந்தது. இன்று அவை கம்பெனி பஸ் நிற்கும் நிறுத்தங்களாக இருக்கின்றன; நிறுத்தத்துக்குக் கம்பெனி பெயர்தான். சிங்கப்பூர்க்காரன் நம்மைவிட ஞாபகசாலி என்று எனக்குப் பட்டது.

கொஞ்சம் தள்ளி ஆர்ச்சர்ட் ரோட்டில் இஸ்தானாவின் வாசல். ஜனாதிபதி மாளிகை. 1867-லிருந்து 1869-க்குள் கட்டியது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். பண்டிகை நாட்களில் மட்டும் ஜனங்களை உள்ளே விடுவார்களாம். வாசல் காவலரைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எதிர்ச்சாரியில் நின்றோம்.

"உள்ள போயிருக்கியா?" என்று கேட்டேன்.

"எதுக்குள்ள போயிருக்கேன் நானு? நான் வெளிப் பக்கத்து ஆளு" என்றான். சாரம் கட்டுகிறவன் சுவருக்கு வெளியே நிற்பவன். முப்பது மாடி ஏறுவான், ஓர் அறைக்குள்ளும் கால் வைக்க மாட்டான். கொத்தனாருக்கு அவன் பூசிய சுவர் நிற்கும்; தச்சனுக்குக் கதவு நிற்கும். "நம்பளுது முடிஞ்சதும் நாமளே அவுத்துடணும். கட்றதவிட அவுக்கறது கஷ்டம், தெரியுமா? கட்டறப்ப மேல போகப் போகப் பயம் போயிடும். அவுக்கறப்ப, கால் வச்சிருக்கிற பலகையவே அவுக்கணும்." குழாயை எந்த வரிசையில் கழற்றுவது, மழைக்குப் பிறகு கொக்கி எப்படி வழுக்கும், இரும்புக் குழாய் வெயிலில் கையுறைக்குள் எப்படிச் சுடும் என்றெல்லாம் பெனாங் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். பதினைந்து வருஷத்தில் அவன் தன் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கதை எழுதுகிறவன் என்று பெயர்.

கிளமென்சோ அவென்யூவில் திரும்பியதும் எனக்கு விஷயம் லேசாக உறைத்தது. பெருமாள் கோயில், சிராங்கூன் ரோடு, சிலிகி, தோபி காட், பெனாங் ரோடு, இது. பத்திரிகைகளில் எத்தனை தரம் படம் பார்த்திருக்கிறேன்! தைப்பூசத்தன்று காவடிகள் வருகிற பாதை இது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆயிரக்கணக்கில் ஜனம், பால்குடம், அலகுக் காவடி, எலுமிச்சம்பழம் என்று பார்த்திருந்த பாதையில் அன்று நாங்கள் இருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தோம், ஒருவன் வெறுங்காலோடு.

டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859-ல் நகரத்தார் கட்டினார்கள். வட்டித் தொழிலுக்குப் போன இடத்திலெல்லாம் முருகனை அழைத்துக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். பெட்டியடியும் பூஜையும் ஒரே கிட்டங்கியில் இருக்கும். கோயில் வாசல் குழாயில் சிநேகிதன் கால் கழுவினான். உள்ளங்காலில் இரண்டு இடத்தில் தோல் எழும்பியிருந்தது. பையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தான். அது எனக்குத் தெரிந்த சொம்பு. அவன் வீட்டில் நான் எத்தனையோ தரம் தண்ணீர் குடித்த சொம்பு. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து அதில் ஊற்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மேளம் இல்லை, 'வேல் வேல்' என்று கூட வருகிற கூட்டம் இல்லை. குருக்கள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். இப்படி வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு மண்டபத் தூணடியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னான்.

2020 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் விடுதிகளைப் பூட்டினார்கள். ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில். அந்த வருஷக் கடைசியில் அரசாங்கமே சொன்ன கணக்கு, விடுதிகளில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்பது. மற்றபடி கெட்டிக்காரத்தனமாக நோயைச் சமாளித்த ஊர். சுவருக்கு வெளிப் பக்கத்து ஆட்களை எண்ண மறந்துவிட்டது. ஒரு ராத்திரி இவனுக்குக் கீழ்க்கட்டில்காரரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மறுநாள் இவனுக்குக் காய்ச்சல். ஊருக்குப் போன் பண்ணி ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னான்.

"உனக்குக்கூடப் பண்ணேன். மூணு நாள் ராத்திரி."

எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொல்ல வழியில்லை. முதல் நாள் எடுத்தேன். "பொழுது போவலடா, பேசிகினு இரு" என்றான். நான் ஒரு நாவலின் நடு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு எனக்கு எழுத வாய்த்த வரம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் போன் அடித்து அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில், அவனுக்கு அப்போது ராத்திரி ஒரு மணிக்கு மேல் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. அந்த நாவலை இரண்டு மூன்று பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையை ஆட்டித் தடுத்தான்.

"நீ எடுத்திருந்தா நான் இவரை வேண்டிகினு இருக்க மாட்டேன். எடுக்கல, சரின்னு இவரைக் கூப்ட்டேன். பொழச்சா பெருமாள் கோயில்லேர்ந்து நடந்து வந்து பால் ஊத்தறேன்னு சொன்னேன்."

அப்படியானால் நாலு வருஷமாக ஏன் செய்யவில்லை? அதற்கும் காரணம் இருந்தது. 2021-லும் 2022-லும் தைப்பூச ஊர்வலமே நடக்கவில்லை. 2023-ல் மறுபடி ஆரம்பித்தபோது இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தைப்பூசம் அங்கே ஒரு காலத்தில் பொது விடுமுறை. 1968-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024-லும் பூசம் வியாழக்கிழமையில் வந்தது. ஐப்பசியில் இவன் ஒரேயடியாக ஊர் திரும்புகிறான். அடுத்த பூசத்துக்கு இங்கே இருக்க மாட்டான்.

"தனியா நடந்தா பைத்தியம்னு நெனப்பாங்க. நீ சுத்திப் பாக்கணும்னு சொன்னியா, சரி, ரெண்டும் ஆச்சுன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தான். செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். வார் அறுந்திருக்கவில்லை.

மத்தியானம் இலைச் சாப்பாடு. பில்லுக்கு நான் கையை நீட்டினேன், விடவில்லை. அதற்கப்புறம் நடந்தது நிஜமாகவே ஊர் சுற்றல்தான். ஆற்றங்கரையோடு இறங்கினோம். ஒரு காலத்தில் படகுகள் முட்டி மோதிய ஆறு இப்போது குளித்துவிட்டு வந்தது போல இருக்கிறது. கேவனா பாலத்தில் இன்னும் ஒரு பழைய பலகை: மூன்று ஹண்டர்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டி, கால்நடை, குதிரை எதுவும் ஏறக் கூடாது. சிநேகிதன் என்னை எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்று அனுமதித்தான்.

ஆற்றோரம் ராஃபிள்ஸ் துரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 1819-ல் அவரோடு பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். குடியேறுகிறவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்குச் செங்கல் வேண்டும் என்று தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், 1827-ல் அவர் கைப்பட ஆரம்பித்ததுதான். அந்த ஊரின் முதல் கட்டட மேஸ்திரி என்று அவரைச் சொல்லலாம். 2019-ல் இருநூறாவது ஆண்டு கொண்டாடியபோது ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் வேறு மூவருக்கும் சிலை வைத்தார்கள். சில நாட்களில் எடுத்தும் விட்டார்கள். ராஃபிள்ஸ் மறுபடி தனியாக நிற்கிறார். இதைச் சிநேகிதனிடம் சொன்னேன்.

"நம்ம ஜாதி" என்றான். சாரம் கட்டுகிற ஜாதியைச் சொன்னான்.

அங்கிருந்து அக்கரையில் வானத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிற கட்டடங்களைக் காட்டினான். இடமிருந்து எண்ணி ஒன்று, பிறகு பின்னால் மறைந்து நிற்கிற இன்னொன்று. "அதுல பதினோரு மாசம். அதுல ஆறு." கண்ணாடியில் மேகம் போய்க்கொண்டிருந்தது. அவன் ஏறி நின்ற இடம் எது என்று கேட்டேன். விரலை நீட்டினான். அங்கே வெறும் காற்றுத்தான் இருந்தது.

கடைசியாக செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். இதுவும் இந்தியக் கைதிகள் கட்டியது. 1862-ல் பிரதிஷ்டை ஆயிற்று. உள்சுவருக்கு 'மதராஸ் சுண்ணாம்பு' பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் சேர்த்து அரைத்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, பூசிக் காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்தவர்களுக்கு இந்த வழவழப்புத் தெரியும். உள்ளே யாரோ மெதுவாக ஆர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். இவன் வாசலில் நின்றான். வா என்றேன். ஒரு கணம் தயங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

சிட்டி ஹால் ஸ்டேஷனில் பிரிந்தோம். அவனுக்கு மேற்கே கடைசி வரை போக வேண்டும். காலை ஐந்து மணிக்கு லாரி. லாரியின் பின்தட்டில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள், இத்தனை ரெயில் ஓடுகிற ஊரில். ஊருக்குத் திரும்பி என்னடா செய்யப் போகிறாய் என்று நாள் முழுக்கக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான், எத்தனை மாசமோ தெரியாது என்றான். ஆலைகளில் சாரம் கட்ட ஆள் வேண்டியிருக்கும் என்றான். "நம்ம காணிமேலயே கட்டச் சொன்னா கட்றேன், இன்னா இப்ப" என்றான். விபூதிப் பொட்டலத்தைக் கையில் திணித்தான். "அம்மாகிட்ட குடு. காய்ச்சல் விஷயம் வாயத் தொறக்காத."

அடுத்த வாரம் வல்லக்கோட்டைக்குப் போனேன். ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் முடிகிறவரை சாலையைக் கடக்க முடியவில்லை. அம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். விபூதியை வாங்கிக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் இட்டுக்கொண்டு, எனக்கும் இட்டாள்.

"அங்கயும் முருகன் கீறாரா?"

"இருக்கிறார் பெரியம்மா."

"நம்ம முருகன் ஒசரம் இருப்பாரா?"

"நம்மவர் உயரம் வராது."

அவளுக்குத் திருப்தி. பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தச் சொம்பு அவங்கிட்டதான் கீது. பால் ஊத்தினானா? எதுனா வேண்டுதலா?" என்று கேட்டாள்.

"இல்லை பெரியம்மா" என்றேன். "சும்மா சுற்றிப் பார்க்கப் போனோம்."